இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மருந்து கொடுத்தும் குதிரைகளுக்குப் புழு போகவில்லை: அடுத்து எதைக் கொடுப்பது?

தாராபுரம் சாலை லாயம் எழுதியது:

வணக்கம். காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில் எங்கள் தோட்டம். மார்வாரிப் பெண்குதிரைகள் இரண்டு, மூத்ததற்குப் பிறந்த ஏழு மாதப் பெண்குட்டி ஒன்று, பிள்ளைகள் ஏறுவதற்கு ஒரு மட்டக்குதிரை. பகலில் வீட்டை ஒட்டிய கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில் விடுகிறோம். இரவில் லாயத்தில் சோளத்தட்டு, ஊறவைத்த கொள்ளு, கோதுமைத் தவிடு. முன்பு அதே காட்டில் காங்கேயம் மாடுகளும் மேய்ந்தன. குதிரைகள் வந்தபிறகு மாடுகளைக் கிழக்குக் காட்டுக்கு மாற்றிவிட்டோம்.

குடற்புழு நீக்கத்தில் நான் குறை வைப்பதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல், பெரியவை மூன்றுக்கும் ஆளுக்கொரு 1.5 கிராம் ஃபென்பெண்டசோல் மாத்திரை, வெல்லத்தில் பொதித்து. குட்டிக்கு அரை மாத்திரை. அப்படியிருந்தும் குட்டிக்கு வயிறு மட்டும் உப்பி, விலா எலும்பு தெரிகிறது. மயிரில் மினுமினுப்பே இல்லை. அவ்வப்போது இருமுகிறது. போன வாரம் அதன் லத்தியில் வெள்ளையாக, ஒரு சாணுக்கு மேல் நீளமாக, பென்சில் கனத்தில் ஒரு புழு கிடந்தது. இளைய குதிரை வாலைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து வால் அடியில் மயிர் கொட்டிவிட்டது. மூத்தது மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் எண்ணெய் தடவியதுபோல் பளபளவென்று நிற்கிறது.

மருந்துக்கடைக்காரர் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் காட்டி, "ஒரே ஊசி, எல்லாம் சுத்தம்" என்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆட்டுக்குக் கொடுக்கும் லெவமிசோல் திரவம் போதும் என்கிறார். இரண்டில் எது நல்லது? ஆடியில் அந்தியூர் சந்தைக்குப் போய் ஆண்குதிரை ஒன்று வாங்கவும் எண்ணம் இருக்கிறது. அதற்குள் லாயத்தைச் சுத்தமாக்கிவிட வேண்டும்.

பவானிக்கரை டாக்டர் எழுதியது:

தம்பி, இரண்டையும் வாங்காதீர்கள்.

ஐவர்மெக்டின் நல்ல மருந்துதான். குதிரைக்கு அதை ஊசியாகப் போடுவதுதான் தவறு. குதிரைக்கும் அது முதலில் ஊசியாகத்தான் வந்தது. ஊசி போட்ட தசையில் க்ளாஸ்டிரிடியம் கிருமி புகுந்து வீங்கி, சில குதிரைகள் செத்தும் போனதால் அந்த வடிவத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வாய்வழிப் பசைதான். ஊசிக்குழல் போன்ற குழாயில், கிலோ கணக்குக்குக் கோடு போட்டு வரும். லெவமிசோலில் வேலை செய்யும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் குதிரையில் இடைவெளி குறைவு. ஆட்டுக்குப் பொருந்துவது குதிரைக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கத்தால் நான் பணியில் இருந்த காலத்தில் பார்த்த சாவுகள் போதும்.

முதலில் குட்டியைக் கவனியுங்கள். மற்றவை இரண்டு வாரம் காத்திருக்கும், குட்டி காத்திருக்காது. நீங்கள் பார்த்தது பாராஸ்காரிஸ் என்னும் பெரிய உருண்டைப்புழு. குட்டிகளுக்கு வரும், இரண்டு வயதுக்கு மேல் உடலே எதிர்ப்புப் பெற்றுவிடும். மண்ணில் கிடக்கும் முட்டையைக் குட்டி நக்கி விழுங்குகிறது. குடலில் பொரித்த இளம்புழு கல்லீரலுக்குப் போய், அங்கிருந்து நுரையீரலுக்கு ஏறி, இருமலோடு தொண்டைக்கு வந்து மறுபடி விழுங்கப்பட்டு, சிறுகுடலில் வளர்ந்து முட்டையிடத் தொடங்க ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகும். குட்டி இருமுவது சளியால் மட்டும் இல்லாமல் இருக்கலாம் என்பது இப்போது புரியும். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் முட்டையிடும். அந்த முட்டை பிசுபிசுப்பாகச் சுவரிலும் தீவனத் தொட்டியிலும் தாயின் மடியிலும் ஒட்டிக்கொள்ளும், ஆண்டுக்கணக்கில் சாகாது.

இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. வயிறு உப்பும் அளவுக்குப் புழு இருக்கும் குட்டிக்கு ஐவர்மெக்டினோ பைரான்டெலோ கொடுத்தால், அவை புழுவை ஒரேயடியாக வாதம் தாக்கவைக்கும் மருந்துகள். அத்தனை புழுவும் ஒரே நேரத்தில் பிடி தளர்ந்து, சிறுகுடலில் திரண்டு அடைத்துவிடும். மருந்து கொடுத்த மறுநாள் குட்டி உருண்டு புரண்டு சாகும் கதை இதுதான். அதைவிட, குதிரை உருண்டைப்புழு ஐவர்மெக்டினுக்கு அடங்காமல் போனதை நெதர்லாந்தில் 2002இல் முதன்முதலாக எழுதினார்கள். பிறகு உலகமெங்கும் அதே செய்தி. ஆகவே குட்டிக்கு ஃபென்பெண்டசோலே சரி. அது மெதுவாகக் கொல்லும். ஆனால் உருண்டைப்புழுவுக்குக் கிலோவுக்கு 10 மி.கி. வேண்டும். உங்கள் குட்டி 150 கிலோ இருக்கும் என்று வைத்தால் 1.5 கிராம், அதாவது முழு மாத்திரை. நீங்கள் கொடுத்தது பாதி.

அதை நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஊர்க் கால்நடை மருந்தக டாக்டரை அழைத்து வந்து, நுரையீரலையும் குடல் சத்தத்தையும் கேட்டபிறகு அவர் கையால் கொடுக்கட்டும். கொடுத்த இரண்டு நாள் கண் வைத்திருங்கள். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, லத்தி போடாமல் இருப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்கவேண்டாம்.

இனி பெரியவை. உங்கள் மார்வாரி எத்தனை கிலோ? அளவு நாடா எடுத்து, முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். தோள் முனையிலிருந்து பிட்ட முனைவரை நீளம். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ. எல்லாம் சென்டிமீட்டரில். சுற்றளவு 165, நீளம் 160 என்றால் 367 கிலோ வரும். கிலோவுக்கு 7.5 மி.கி. என்று போட்டால் 2.75 கிராம் ஃபென்பெண்டசோல் வேண்டும். 5 மி.கி. என்று குறைத்துப் போட்டாலும் 1.8 கிராமுக்கு மேல். நீங்கள் 1.5 கிராம் கொடுத்துவந்திருக்கிறீர்கள். வலுவற்ற புழு சாகிறது, தாங்கும் புழு பிழைத்து முட்டை போடுகிறது, இரண்டு மாதம் கழித்து மறுபடி அதே தேர்வு. எதிர்ப்புள்ள புழுவை வளர்ப்பதற்கு இதைவிட ஒழுங்கான முறையை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இந்த "இரண்டு மாதத்துக்கு ஒருமுறை" எங்கிருந்து வந்தது தெரியுமா? 1966இல் அமெரிக்காவில் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் ட்ரட்ஜ், லயன்ஸ் என்ற இருவர் சொன்ன திட்டம் அது. அவர்களுடைய எதிரி வேறு: ஸ்டிராங்கைலஸ் வல்காரிஸ் என்ற பெரிய செம்புழு. அதன் இளம்புழு குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்குள் புகுந்து, சுவரைத் தடிக்கவைத்து, ரத்தத்தை உறையவைத்து, குடலின் ஒரு பகுதியையே அழுகவைக்கும். முட்டையிடும் பருவத்துக்கு வர ஆறேழு மாதம் பிடிப்பதால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடித்தால் அதனால் எழவே முடியாது. திட்டம் அருமையாக வேலை செய்தது. ஆனால் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது சிறு செம்புழு. ஏறத்தாழ 50 இனங்கள். நூல் போன்ற சிறிய புழுக்கள். எதிரி மாறி அரை நூற்றாண்டு ஆகிறது, நாம் இன்னும் பழைய போர்த்திட்டத்தைக் கையில் வைத்திருக்கிறோம்.

சிறு செம்புழுவின் தந்திரம் பெருங்குடலின் சுவருக்குள் பதுங்குவது. உடலில் இருக்கும் மொத்தத்தில் 90 சதவீதம் வரை அங்கே உறங்கலாம், மாதக்கணக்கில், சில சமயம் இரண்டாண்டு வரை. பெரும்பாலான மருந்து அங்கே எட்டாது. லத்திச் சோதனையிலும் அவை தெரியாது, ஏனென்றால் முட்டையிடுவது வளர்ந்தவை மட்டும். உறங்கியவை ஒரே நேரத்தில் சுவரைக் கிழித்து வெளியே வந்தால் கடும் கழிச்சல், வயிற்றுக்கடியில் நீர்வீக்கம், கண்ணெதிரே மெலிவு. சிகிச்சை கொடுத்தும் பாதி வரை இறக்கின்றன.

ஆகவே நான் சொல்வது ஒன்றுதான். எந்த மருந்து என்ற கேள்வியை ஒத்திவையுங்கள். முதலில் லத்தியை எண்ணுங்கள். நான்கு விலங்குக்கும் தனித்தனியாக.

தாராபுரம் சாலை லாயம் எழுதியது:

நன்றி ஐயா. குட்டிக்கு இன்று மாலையே டாக்டரை வரச் சொல்லியிருக்கிறேன். லத்தியை எண்ணுவது என்றால் எப்படி, எங்கே கொண்டுபோவது? வாலைத் தேய்ப்பதும் புழுதானா?

பவானிக்கரை டாக்டர் எழுதியது:

உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஒட்டுண்ணியியல் துறையில் கேளுங்கள். மாவட்டத்தில் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவும் இருக்கும். நல்ல நுண்ணோக்கியும் பொறுமையும் இருந்தால் உங்கள் ஊர் மருந்தகத்திலேயே முடியும். 3 கிராம் லத்தியை 42 மில்லி அடர் உப்புக்கரைசலில் கரைத்து வடிகட்டினால் முட்டைகள் மேலே மிதக்கும். அதை மெக்மாஸ்டர் என்னும் எண்ணும் கண்ணாடித் தட்டின் இரண்டு அறைகளிலும் நிரப்பி எண்ணவேண்டும். தெரியும் ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு கிராம் லத்தியில் 50 முட்டை என்று கணக்கு. செலவு பிடிக்கும் வித்தை எதுவும் இல்லை.

லத்தி சூடாக இருக்கும்போதே, தரையில் படாத நடுப்பகுதியாக ஒரு பிடி எடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி முடிச்சுப் போடுங்கள். பையின் மேல் குதிரையின் பெயர். பிறகு குளிர்ச்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறைய வைக்கக்கூடாது. வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிட்டு வையுங்கள், அது என்ன என்று கேட்டு ஒரு சண்டை வரும். வெயிலில் வண்டி முன்னால் வைத்துக்கொண்டு போனால் முட்டை பொரித்துவிடும், நாமக்கல்லில் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது.

வால் தேய்ப்பது ஆக்சியூரிஸ் என்னும் ஊசிப்புழுவாக இருக்கலாம். அது ஆசனவாயைச் சுற்றித் தோலில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும், அதனால் லத்திச் சோதனையில் பெரும்பாலும் அகப்படாது. ஒளிபுகும் ஒட்டுநாடாவை விடியற்காலையில் அங்கே அழுத்தி எடுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டிக் கொடுங்கள். பேன், சொறி, கொசுக்கடி ஒவ்வாமை, மடியிடுக்கில் அழுக்கு, இவற்றாலும் வால் தேய்க்கும் என்பதால் பார்க்காமல் முடிவு செய்யவேண்டாம்.

கொடை ஏரிச்சாலை எழுதியது:

டாக்டர் ஐயா சொல்வதெல்லாம் சொந்தக் காடு இருப்பவர்களுக்குச் சரி. கொடைக்கானலில் நாங்கள் சவாரிக்கு வைத்திருக்கும் மட்டக்குதிரைகள் சவாரி முடிந்ததும் அவிழ்த்துவிடப்பட்டு, எல்லார் குதிரையோடும் சேர்ந்து பொது இடத்தில்தான் மேய்கின்றன. ஏரியைச் சுற்றிச் சாலையில் விழும் லத்தியை உடனே அள்ளுகிறோம், சுற்றுலா வருபவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதால். புல்லில் விழுவதை யார் அள்ளுகிறார்கள்? எங்கள் அப்பா காலத்திலிருந்து ஆளாளுக்கு ஒரு தேதியில், ஆளாளுக்கு ஒரு மருந்து. என் குதிரைக்கு நான் கொடுத்த மறுநாளே அது பக்கத்து வீட்டுக் குதிரை லத்தி போட்ட இடத்தில் வாய் வைக்கிறது. இங்கே மண் காய்வதே அரிது. பத்துக் குதிரைக்கும் தனித்தனியாக எண்ணச் செலவு செய்ய முடியாது. எல்லா லத்தியையும் ஒன்றாகக் கலந்து ஒரே சோதனையாகச் செய்யலாமா?

பவானிக்கரை டாக்டர் எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. கலந்து எண்ணலாம், ஒவ்வொன்றிலும் ஒரே எடை எடுத்தால். கூட்டத்தின் சராசரி தெரியும், மருந்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட அது போதும். யார் அதிகம் கொட்டுகிறார்கள் என்பது மட்டும் அதில் மறைந்துவிடும். அதுதானே முக்கியமான செய்தி. எந்தக் கூட்டத்திலும் ஐந்தில் ஒரு பங்குக் குதிரைகள்தான் மொத்த முட்டையில் ஐந்தில் நான்கு பங்கைப் போடும் என்பது பல நாடுகளில் எண்ணிப் பார்த்த கணக்கு. அந்த இரண்டு குதிரைகளைக் கண்டுபிடித்தால் மற்ற எட்டுக்கும் மருந்தை மிச்சம் பிடிக்கலாம். ஒருமுறையாவது தனித்தனியாக எண்ணிவிடுங்கள். அதிகம் கொட்டும் குதிரை பெரும்பாலும் ஆண்டுதோறும் அதே குதிரையாகவே இருக்கும்.

மலைக்கும் எங்கள் காட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். புழு முட்டை பொரித்துத் தொற்றும் பருவத்துக்கு வர ஈரமும் மிதமான வெப்பமும் வேண்டும். காங்கேயத்துச் சித்திரை வெயிலில் புல்லில் ஏறிய இளம்புழு சில வாரங்களில் காய்ந்து சாகும். காய்ந்த லத்தி உருண்டைக்குள் இருப்பது மட்டும் அடுத்த மழைக்காகக் காத்திருக்கும். எனவே சமவெளியில் ஐப்பசி மழைக்குப் பிறகுதான் ஏற்றம். கொடைக்கானல் குளிரிலும் ஈரத்திலும் இளம்புழு பொரிப்பது மெதுவாக, பொரித்தது வாழ்வது நீண்டகாலம். அங்கே மருந்தைவிடக் கூடையும் துடைப்பமும் பெரிது. வாரம் இருமுறை மேய்ச்சல் தரையிலிருந்து லத்தியை அள்ளிவிட்டால் மருந்து கொடுத்ததைவிட நன்றாகப் புழு குறைகிறது என்று அமெரிக்காவில் ஓகையோவில் 1980களிலேயே காட்டியிருக்கிறார்கள். குதிரைக்காரர்கள் எல்லாரும் கூடி ஒரே வாரத்தில் சோதனை, ஒரே வாரத்தில் மருந்து என்று ஒத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒத்துக்கொள்ளவைப்பது என் படிப்புக்கு அப்பாற்பட்டது.

நியூமார்க்கெட் வேலைக்காரன் எழுதியது:

இங்கிலாந்தில் ஒரு பந்தயக் குதிரை லாயத்தில் வேலை செய்கிறேன். இங்கே புழு மருந்தை நினைத்தவுடன் கடையில் வாங்க முடியாது. கால்நடை மருத்துவர், மருந்தாளுநர், இல்லாவிட்டால் அதற்கென்று தேர்வு எழுதித் தகுதி பெற்றவர்தான் விற்கலாம். எந்தக் குதிரைக்கு, எத்தனை கிலோ, கடைசியாக எண்ணியது எப்போது என்று கேட்பார்கள். எரிச்சலாக இருக்கும், ஆனாலும் சரிதான்.

டாக்டர் நாடாப்புழுவைப் பற்றிச் சொல்லவில்லை. அதன் முட்டையும் லத்தி எண்ணிக்கையில் ஒழுங்காகத் தெரியாது. புல்லில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி வகை ஒன்றைப் புல்லோடு விழுங்குவதால் வருகிறது. சிறுகுடல் பெருங்குடலைச் சேரும் வாயில் கூட்டமாகப் பற்றிக்கொண்டு தொங்கும், அதனால் வயிற்றுவலி. இங்கே எச்சிலை எடுத்துச் சோதிக்கிறார்கள். குடல் சுவரில் பதுங்கிய சிறு செம்புழுவுக்கு 2019 முதல் ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது.

பவானிக்கரை டாக்டர் எழுதியது:

சொல்ல விட்டதைச் சொன்னீர்கள், நன்றி. நாடாப்புழுவுக்கு ஐவர்மெக்டின் ஒன்றும் செய்யாது. பிராசிக்வான்டெல் வேண்டும், அல்லது இரட்டை அளவு பைரான்டெல்.

கட்டுப்பாட்டுக்கு மறுபக்கமும் உண்டு. டென்மார்க்கில் 1999 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்து கிடையாது. முட்டை அதிகமுள்ள குதிரைக்கு மட்டும் மருந்து என்று சில பண்ணைகள் கடுமையாக நின்றன. சில ஆண்டுகளில், அப்படி நின்ற பண்ணைகளில் தமனியில் புகும் பழைய பெரிய செம்புழு மறுபடி தலைகாட்டியதைக் கண்டார்கள். அதனால் எண்ணிக்கை குறைவாக இருக்கும் குதிரைக்கும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை கொடுத்துவிடுவதே இப்போதைய வழக்கம். நம் பக்கத்துக்கு மழை முடிந்த தை மாதம் ஒன்று, தென்மேற்குப் பருவம் வருமுன் தேவைப்பட்டால் இன்னொன்று. மற்றதெல்லாம் எண்ணிக்கை சொல்வதுபோல.

நொய்யல் மூலிகை எழுதியது:

இவ்வளவு ரசாயனம் எதற்கு? வேப்பிலை, குப்பைமேனி, பூண்டு, மஞ்சள் அரைத்து வெல்லத்தோடு உருண்டை பிடித்து மாதம் ஒருமுறை கொடுங்கள். எங்கள் தாத்தா ரேக்ளாக் குதிரைகளுக்கு இதைத்தான் கொடுத்தார். அவை ஓடாமலா இருந்தன?

பவானிக்கரை டாக்டர் எழுதியது:

ஓடியிருக்கும். ஒரு கிராமில் 1,000 முட்டை போடும் குதிரையும் ஓடும், அதனால்தான் சொல்கிறேன். உங்கள் உருண்டையை நான் பழிக்கவில்லை. கொடுக்கும் அன்று லத்தியை எண்ணுங்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். ஃபென்பெண்டசோலுக்கு என்ன தேர்வோ வேப்பிலைக்கும் அதே தேர்வு. குறைந்தால் முதல் ஆளாக நானே இங்கே எழுதுகிறேன். பூண்டில் மட்டும் கை அடக்கம் வேண்டும். நாள்தோறும் அதிகமாகத் தின்ற குதிரைக்குச் சிவப்பணுக்கள் சிதைந்து ரத்தசோகை வரும், அது சோதித்துப் பார்த்த உண்மை.

மேலும் ஐவர்மெக்டினே மண்ணிலிருந்து வந்ததுதான். ஜப்பானில் இட்டோ நகரத்துக்கு அருகே கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய மண்ணில் சதோஷி ஓமுரா எடுத்த நுண்ணுயிரியிலிருந்து கிடைத்தது. அமெரிக்க நிறுவனத்தில் வில்லியம் கேம்பெல் குழு அதை மருந்தாக்கியது. இருவருக்கும் 2015இல் நோபல் பரிசு. குதிரைத் தோலில் இருக்கும் ஒரு புழுவின் குஞ்சுகளை அது கொன்றதைப் பார்த்துத்தான், மனிதனைக் குருடாக்கும் ஆப்பிரிக்க ஆற்றுக்குருட்டுப் புழுவுக்கும் கொடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனை வலுத்தது. குதிரைக்காரர்களாகிய நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

தாராபுரம் சாலை லாயம் எழுதியது:

முடிவுகள் வந்துவிட்டன. குட்டிக்கு டாக்டர் வந்து எடைக்கேற்ற மருந்து கொடுத்தார். அடுத்த மூன்று நாளும் லத்தியில் புழு வந்தது, வாளியில் அள்ளிப் போட்டு எரித்தேன். வயிற்றுவலி வரவில்லை. இப்போது கொள்ளைத் தேடி முட்டுகிறது.

பெரியவற்றின் கணக்குதான் என்னைத் திகைக்க வைத்தது. வால் தேய்க்கும் இளைய குதிரைக்குக் கிராமுக்கு 100 முட்டை. மட்டக்குதிரைக்கு 450. பளபளவென்று நிற்கும் மூத்ததற்கு 1,150! எல்லாம் செம்புழு வகை முட்டை என்று எழுதியிருக்கிறார்கள். இளையதன் ஒட்டுநாடாவில் ஊசிப்புழு முட்டை இருந்தது. ஊர் டாக்டர் நாடாவால் அளந்து, மூன்றுக்கும் ஃபென்பெண்டசோலையே இந்தமுறை முழு அளவில் கொடுத்தார், மருந்து தோற்றதா அளவு தோற்றதா என்று தெரிந்துகொள்ள. 14ஆம் நாள் எண்ணினால் மூத்ததற்கு 800, மட்டக்குதிரைக்கு 350.

பவானிக்கரை டாக்டர் எழுதியது:

உங்கள் ஊர் டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கவேண்டும். சரியான ஆள்.

1,150 என்பது 800 ஆனால் 30 சதவீதம்தான் குறைந்திருக்கிறது. வேலை செய்யும் ஃபென்பெண்டசோல் 95க்கு மேல் குறைக்கவேண்டும். முறைப்படி ஐந்தாறு குதிரைகளையாவது எண்ணித்தான் தீர்ப்பு எழுதவேண்டும், இரண்டு குதிரை போதாது. ஆனால் இவ்வளவு இடைவெளி எண்ணும்போது வரும் பிசகால் வராது. உங்கள் காட்டுச் சிறு செம்புழு இந்த மருந்தைக் கடந்துவிட்டது. இனி இந்தப் புழுவுக்கு அந்த மாத்திரை கொடுப்பது வெல்லத்துக்காகக் குதிரை வாயைத் திறப்பது மட்டுமே.

வேடிக்கையைக் கவனியுங்கள்: குட்டியின் உருண்டைப்புழுவுக்கு ஃபென்பெண்டசோல் வேலை செய்கிறது, ஐவர்மெக்டின் தோற்கக்கூடும். தாயின் செம்புழுவுக்கு நேர்மாறு. ஒரே லாயத்தில் ஒரே மருந்தை எல்லாருக்கும் கொடுப்பது ஏன் கூடாது என்று கேட்பவர்களுக்கு உங்கள் லாயத்தைக் காட்டலாம். மூத்ததற்கும் மட்டக்குதிரைக்கும் ஐவர்மெக்டின் பசை, கிலோவுக்கு 0.2 மி.கி.; 367 கிலோவுக்கு 73 மி.கி. அளவுக்கோட்டை அடுத்த படிக்கு ஏற்றி வையுங்கள், இறக்கி அல்ல. வாயில் உணவு இல்லாதபோது நாக்கின் பின்பகுதியின் மேல் வைத்துத் தலையை உயர்த்திப் பிடியுங்கள். கீழே சிந்தியதை நாய் நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சில இன நாய்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. 14ஆம் நாள் மறுபடி எண்ணிக்கை.

இளையதற்கு 100 என்பது மருந்து கேட்கும் எண்ணே இல்லை. 200க்குக் கீழே இருந்தால் குறைவு என்றும் 500ஐத் தாண்டினால் அதிகம் என்றும் வைத்துக்கொள்வது வழக்கம். அதன் உடம்பிலுள்ள புழுக்கள் ஐவர்மெக்டினைப் பார்க்காமல் இருப்பது உங்களுக்கு லாபம். மருந்துக்கு அடங்கும் புழு கொஞ்சம் காட்டில் மிச்சம் இருக்கும். ஊசிப்புழுவுக்கு இப்போது கொடுத்த ஃபென்பெண்டசோல் போதலாம். வாலடியை ஈரத்துணியால் துடைத்து, துணியை எரித்துவிடுங்கள். வால் தேய்த்த சுவரையும் கழுவுங்கள்.

இன்னொன்று. மாடுகளைக் கிழக்குக் காட்டுக்கு ஏன் மாற்றினீர்கள்? கொண்டுவாருங்கள். குதிரைப் புழு மாட்டுக்குள் போனால் செத்துவிடும், மாட்டுப் புழு குதிரைக்குள் போனால் அதுவும் அப்படியே. இரண்டிலும் வாழும் இரைப்பைப் புழு ஒன்று இருக்கிறது, அது சிறிய தொல்லை. கொறங்காட்டைக் கிளுவை வேலியால் ஏற்கெனவே பிரித்துத்தான் வைத்திருப்பீர்கள். ஒரு பகுதியில் குதிரை மேய்ந்து முடித்ததும் மாட்டையும் செம்மறியையும் விடுங்கள். லத்தி விழுந்த இடத்தை ஒட்டிய புல்லைக் குதிரை தொடாது, மாடு சுத்தமாக வழித்துவிடும். புழுவையும் சேர்த்து. மருந்து கொடுத்த குதிரையின் லத்தியை மட்டும் தனியாகக் குவித்து மட்க வையுங்கள். அதில் வரும் ஐவர்மெக்டின் சாணவண்டுப் புழுக்களையும் கொல்லும், நம் காட்டுக்கு அந்த வண்டுகள் வேண்டும்.

தாராபுரம் சாலை லாயம் எழுதியது:

ஐயா, பசை கொடுத்து எண்ணியாயிற்று. மூத்ததற்கும் மட்டக்குதிரைக்கும் ஒரு முட்டைகூட இல்லை. மாடுகளை நேற்று ஓட்டிவந்துவிட்டோம். மூத்த குதிரைக்கு அது பிடிக்கவில்லை, வேலியோரம் நின்று காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு முறைக்கிறது. அந்தியூரில் வாங்கும் குதிரையை என்ன செய்யவேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

பவானிக்கரை டாக்டர் எழுதியது:

பூஜ்யம் நல்லது. ஆனால் எட்டு வாரத்தில் ஒருமுறை எண்ணுங்கள். ஐவர்மெக்டினுக்குப் பிறகு முட்டை திரும்ப வர முன்பு எட்டுப் பத்து வாரம் ஆகும், சில நாடுகளில் இப்போது ஐந்து வாரத்திலேயே வந்துவிடுகிறது. உங்களிடம் இருக்கும் கடைசி நல்ல மருந்து அது.

அந்தியூர்க் குருநாதசாமி கோவில் சந்தைக்கு எங்கெங்கிருந்தோ குதிரை வருகிறது, அதனோடு அந்த ஊர்ப் புழுவும் வருகிறது. வாங்கிய குதிரையை நேராகக் கொறங்காட்டில் அவிழ்த்துவிடாதீர்கள். வந்த அன்றே லத்தி எடுத்து அனுப்பிவிட்டு, எடை அளந்து ஐவர்மெக்டினும் பிராசிக்வான்டெலும் சேர்ந்த பசையைக் கொடுங்கள். மூன்று நாள் தனி லாயத்தில் கட்டி, அந்த மூன்று நாள் லத்தி முழுவதையும் அள்ளி மட்கக் குழியில் போடுங்கள். இரண்டு வாரம் கழித்து எண்ணி, முட்டை இல்லை என்று தெரிந்தபிறகு மற்றவற்றோடு சேருங்கள். உங்கள் காட்டில் இல்லாத எதிர்ப்புப் புழு ஒன்றை விலைகொடுத்து வாங்கி வராமல் இருக்க இதுதான் வழி.

சந்தையில் பல்லையும் குளம்பையும் பார்க்கும்போது முன்னங்காலின் உட்புற மயிரையும் விலக்கிப் பாருங்கள். மஞ்சளாக, எள்ளைவிடச் சிறியதாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது வயிற்று ஈயின் முட்டை. குதிரை நக்கும்போது வாய்க்குள் போய், இரைப்பையில் புழுவாகத் தொங்கும். ஐவர்மெக்டின் அதையும் கொல்லும் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. விற்பவரிடம் அதைச் சொல்லவேண்டாம். முகத்தைக் கொஞ்சம் கவலையாக வைத்துக்கொண்டு விலையைக் கேளுங்கள்.